செவிலியர் கைக்கருவிகளின் வரலாறு

மருத்துவமனையில் காலைப் பணி தொடங்கும் வேளை. இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர், தம் பொறுப்பிலிருந்த நோயாளிகளின் நிலையை ஒவ்வொன்றாக எடுத்துரைத்துவிட்டு விடைபெறுகின்றார். புதிதாக வந்தவர் அப்பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றார். அவருடைய சட்டைப்பையிலும் கையிலும் உள்ள பொருள்களை எண்ணிப் பாருங்கள். விநாடி முள் உள்ள கடிகாரம், எழுதுகோல், சிறு குறிப்பேடு, கத்தரிக்கோல், வெப்பமானி, விரலளவு கைவிளக்கு, பிளாஸ்திரிச் சுருள், பஞ்சு, கையுறை. எல்லாவற்றையும் ஒரு சிறு தட்டில் வைத்துவிடலாம். ஆனால் இவை அவர் கைக்கு வந்து சேர்வதற்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இன்று சுருக்கமாகக் காணப் போகின்றோம்.

செவிலி என்பது தமிழில் மிகப் பழைய சொல். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கு அப்பெயர் வழங்கிற்று. நோயுற்றோரைப் பேணும் பணியாளர்க்கு அப்பெயரை நாம் பின்னாளில் சூட்டினோம், பொருத்தமாகவே சூட்டினோம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து துணை செய்பவனையும் நான்காவதாக வைத்து வள்ளுவர் எண்ணுகின்றார். அந்த நான்காமவரின் கையில் என்ன இருந்தது? நெடுங்காலம் வரை நீரும் துணியும் விசிறியுமே இருந்தன. அளந்தறியும் கருவிகள் யாவும் மருத்துவரிடமே இருந்தன. அவை ஒவ்வொன்றாக அருகிருப்போர் கைக்கு மாறிய கதையே செவிலித்தொழில் வளர்ந்த கதை எனலாம்.

முதலில் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தனர். வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் நடையை அவர்கள் விரல் உணர்ச்சியால் அறிய முயன்றனர். துடிப்பின் தன்மையே அங்கு நோக்கம். ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்னும் எண்ணிக்கை அன்று. மேலைநாட்டில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் என்பவர், நீர்க் கடிகாரம் ஒன்றைக் கொண்டு நாடியை அளந்தார் என்று பழைய நூல்கள் கூறும். எனினும் அம்முறை நிலைபெறவில்லை. அக்காலக் கடிகாரங்கள் அத்துணை நுட்பம் உடையன அல்ல.

இங்கிலாந்தில் லிச்பீல்டு நகரில் மருத்துவராயிருந்த சர் ஜான் பிளாயர் இக்குறையை உணர்ந்தார். சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதன் துணையால் நாடித் துடிப்பை எண்ணினார். 1707ஆம் ஆண்டில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆயினும் மருத்துவர் பலர் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. விரல் அறியாததைக் கடிகாரமா அறியும் என்பது அவர்கள் எண்ணம். விநாடி முள் உள்ள கடிகாரம் நோயாளியின் கட்டிலருகே இயல்பாகக் காணப்படுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவிலியர் அக்கடிகாரத்தைத் தம் மார்பில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டனர். பார்ப்பவர்க்கு அது கவிழ்ந்து தோன்றும். குனிந்து நோக்கும் செவிலியர்க்கு நேராகத் தெரியும். ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்க, மற்றொரு கை எழுதுவதற்கு ஓய்வாக இருக்கும். மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்தின் அடியில் அழுக்குத் தங்கும். கையைச் செம்மையாகக் கழுவவும் அது இடையூறாகும். 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, நோயாளிகளைத் தொடும் பணியாளர்கள் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியாதிருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியபோது, பழைய மார்புக் கடிகாரத்தின் அருமை மீண்டும் உணரப்பட்டது.

அடுத்தது வெப்பமானி. உடம்பின் சூட்டை அளவுகோலிட்டு அறிய வேண்டும் என்று முயன்றவருள் முதல்வர் இத்தாலிய நாட்டுச் சாங்டோரியஸ். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி, இன்று நாம் காணும் வெப்பமானிக்கு மூதாதை. 1714இல் பாரன்ஹீட் பாதரச வெப்பமானியை உருவாக்கினார். கருவி பிறந்தது, ஆனால் அது நோயாளியிடம் வந்து சேர மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பேராசிரியர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் வெப்பநிலையைத் தொடர்ந்து குறித்து, 1868இல் அம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். காய்ச்சல் என்பது தனி நோய் ஆகாது, வேறு நோயின் அறிகுறியே என்பதும், ஒவ்வொரு நோயிலும் வெப்பம் ஏறி இறங்கும் முறை வேறு என்பதும் அந்நூலால் விளங்கின. ஆனால் அவர் பயன்படுத்திய வெப்பமானி ஏறக்குறைய ஓரடி நீளம் உடையது. அக்குளில் வைத்துக் கால்மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். முப்பது நோயாளிகள் உள்ள கூடத்தில் எந்த மருத்துவர் அவ்வாறு காத்திருக்க இயலும்? 1867ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கில மருத்துவர் கிளிபர்டு ஆல்பட், ஆறு அங்குல நீளத்தில் ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் வெப்பமானியை வகுத்தார். சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு அது சுருங்கியது. நாளுக்குப் பன்முறை, இரவிலும் பகலிலும் வெப்பத்தைக் குறிக்க வேண்டும் என்றால் அதனைச் செய்யக்கூடியவர் கட்டிலருகே எப்போதும் இருப்பவரே. இங்ஙனம் வெப்பமானி செவிலியர் கைக்கு வந்தது.

கடிகாரமும் வெப்பமானியும் எண்களைத் தரும். அவ்வெண்களை எழுதி வைக்கும் பழக்கமும், எழுதியதை நம்பும் வழக்கமும் வேண்டுமே! அங்கே நாம் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நினைக்க வேண்டும்.

கிரிமியப் போரில் காயமுற்ற ஆங்கிலப் படைவீரர்களைப் பேணுவதற்காக, 38 மகளிருடன் 1854 நவம்பரில் அம்மையார் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். இரவில் விளக்கேந்தி நோயாளிகளைச் சுற்றி வந்தமையால் ‘விளக்கேந்திய மங்கை’ என்று புகழ்பெற்றார். படங்களிலும் பதக்கங்களிலும் அவ்விளக்கு அகல்விளக்குப் போலக் காணப்படுகின்றது. உண்மையில் அது துருக்கி நாட்டில் வழங்கிய, மடித்து விரிக்கத்தக்க கூண்டு விளக்கு. உள்ளே மெழுகுவத்தி எரியும்.

அவ்விளக்கின் புகழால் அம்மையாரின் மற்றக் கருவிகள் மறைந்துவிட்டன. அங்கே வீரர்கள் காயத்தால் மாண்டதைவிடக் கழிச்சல், காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டதே மிகுதி. சோப்பு, துவாலை, துடைப்பான், மாற்றுச் சட்டை, சுத்தமான கட்டுத்துணி ஆகியவற்றைத் திரட்டுவதே அவருடைய முதல் வேலையாயிற்று. 1855 பிப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் செப்பனிட்டது; காற்றோட்டத்திற்கு வழி செய்தது. சில மாதங்களுக்குள் அவ்வெண் 5க்கும் கீழே இறங்கிற்று. நாடு திரும்பிய பின் அம்மையார் இக்கணக்குகளை வட்ட வடிவ வரைபடமாகத் தீட்டி, 1858இல் அரசாங்கத்தாரின் முன் வைத்தார். எத்தனை பேர் எதனால் இறந்தனர் என்பதை எவரும் மறுக்க இயலாதவாறு அவ்வரைபடம் காட்டிற்று. ஆகவே அம்மையாரின் கையில் விளக்கைப் போலவே எழுதுகோலும் சிறந்த கருவியாக விளங்கியது.

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. நோயாளியை உற்று நோக்கும் பழக்கமே செவிலியர்க்கு முதற்படிப்பு என்று அவர் தம் நூலில் வற்புறுத்தினார். ‘நேற்றிரவு நன்றாக உறங்கினார்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. எத்தனை மணி நேரம் உறங்கினார், எத்தனை முறை விழித்தார் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து.

எழுதுகோல் உயிர் காக்கும் என்றால் சிலர் வியப்பர். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலுக்கு முன்னாளில் மருந்து இல்லை. 1948இல் மலாயாவின் கோலாலம்பூரில், குளோரோமைசிடின் என்னும் மருந்து அந்நோயைத் தீர்க்கும் என்று அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று கண்டறிந்தது. அதற்கு முன் நோயாளி மூன்று நான்கு வாரம் காய்ச்சலில் கிடப்பார். பேணுதல் ஒன்றே மருந்து. செவிலியர் நான்கு மணிக்கு ஒருமுறை வெப்பத்தையும் நாடியையும் அளந்து, கட்டிலில் தொங்கும் கட்டமிட்ட தாளில் இரண்டு கோடுகளாக வரைவார்.

பொதுவாக உடற்சூடு ஏறினால் நாடியும் விரைவாகும். டைபாய்டில் சூடு மிகுந்திருந்தாலும் நாடி அதற்கேற்ப விரைவதில்லை. தாளில் வெப்பக் கோடு மேலேயும் நாடிக் கோடு கீழேயும் செல்லும். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் நள்ளிரவில் வெப்பம் திடீரென்று இறங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள உறவினர் காய்ச்சல் விட்டது என்று மகிழ்வர். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணுகின்றார். அது விரைந்து ஏறுகின்றது. தாளில் இறங்கும் கோடும் ஏறும் கோடும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதன் பொருள் என்ன? குடலில் உள்ள புண் உடைந்து உள்ளே குருதி பெருகுகின்றது, அல்லது குடலில் துளை விழுந்துவிட்டது என்பதற்கு அஃது ஓர் அடையாளம். உறவினர் மகிழும் அந்த வேளையே நோயாளிக்கு உயிராபத்தான வேளை. அப்போதே மருத்துவரை எழுப்பி அழைத்து வருவது செவிலியர் கடமை. வெப்பமானி மட்டும் இருந்திருப்பின் அவரும் ஏமாந்திருப்பார். முந்திய நாட்களின் குறிப்பு இல்லாவிடினும் ஏமாந்திருப்பார். கடிகாரம், வெப்பமானி, எழுதுகோல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவ்வபாயத்தைக் காட்டின.

இனிக் கையைக் காக்கும் பொருள்களுக்கு வருவோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலைன் ஹாம்ப்டன் என்னும் செவிலியர் அறுவைக் கூடத்தில் பணியாற்றினார். நுண்கிருமிகளைக் கொல்வதற்காகக் கைகளைப் பாதரச உப்புக் கரைசலில் நனைப்பது அங்கு வழக்கம். அதனால் அவர் கைகளில் தோல் புண்ணாயிற்று. வேலையை விட்டுவிடும் நிலை வந்தது. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ரப்பர் கம்பெனி ஒன்றின் வாயிலாக அவருக்கென மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். 1890இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். செவிலியரின் கையைக் காக்கப் பிறந்த உறை நோயாளியையும் கிருமியிலிருந்து காக்கின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் வழங்கும் கையுறை, பணிபுரிந்த ஒரு பெண்ணின் துன்பத்திலிருந்து பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

செவிலியரின் கத்தரிக்கோலும் தனி வகை. அதன் அலகு சற்றே கோணமாக வளைந்திருக்கும். கீழ் அலகின் முனை மழுங்கியிருக்கும். கட்டுத்துணிக்கு அடியில் செலுத்தினால் தோலைக் குத்தாது. கிருமி நீக்கிய அறுவை முறைக்கு வழிகாட்டிய லிஸ்டர் பெருமகனார் பெயரால் அது வழங்குகின்றது. கட்டின் நுனியைப் பொருத்தும் ஊக்கு, 1849இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் உரிமைப் பட்டயம் பெற்ற பொருள். அதன் கூர்முனை மூடிக்குள் ஒடுங்கிவிடுவதால் எவரையும் தைப்பதில்லை.

எல்லாக் கருவிகளும் இவ்வாறு எளிதில் கைமாறிவிடவில்லை. பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816இல் கண்ட ஸ்டெதாஸ்கோப் நெடுங்காலம் மருத்துவருக்கே உரிய அடையாளமாகக் கருதப்பட்டது. இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் இரத்த அழுத்தமானியை அமைத்தார். ருஷ்ய மருத்துவர் கொரட்காப் 1905இல் ஸ்டெதாஸ்கோப்பின் துணைகொண்டு அழுத்தத்தைத் துல்லியமாக அறியும் வழி கண்டார். இவற்றைச் செவிலியர் கையாளலாமா என்னும் ஐயம் பல நாடுகளில் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. முடிவில் தேவையே வென்றது. அறுவைக்குப் பின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றால் அதற்குக் கட்டிலருகே இருப்பவரின் கை வேண்டும். கருவியை ஒருவர் கையில் கொடுப்பது, அவர் சொல்லும் எண்ணை நம்புவதற்கு உடன்படுவதாகும். அந்நம்பிக்கையைச் செவிலியர் சலுகையாகப் பெறவில்லை. தம் பயிற்சியாலும் ஒழுங்காலும் ஈட்டினர்.

மருத்துவமனைக்கு வர இயலாதவரைத் தேடிச் சென்ற செவிலியர்க்குச் சட்டைப்பை போதவில்லை, தோற்பை வேண்டியதாயிற்று. 1859இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதி நாட்களில் பணிசெய்த செவிலியரைக் கொண்டே நகரத்து ஏழைகளின் வீடுகளில் பணி தொடங்கினார். 1893இல் நியூயார்க்கில் லிலியன் வால்டு அம்மையார் குடியேறிய ஏழை மக்களிடையே அத்தகைய பணியை மேற்கொண்டார். இவ்வழியில் வளர்ந்த பைமுறை இன்று நம் நாட்டுச் செவிலியர் பள்ளிகளிலும் கற்பிக்கப்படுகின்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தரையில் வைத்தலாகாது. தூய தாளை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். பையில் மேலாக இருப்பவை சோப்பும் துவாலையும். முதலில் கைகழுவிய பின்பே மற்றப் பொருள்களை எடுக்கலாம். வேலை முடிந்ததும் கருவிகளைத் தூய்மை செய்து, மீண்டும் கைகழுவிப் பையை மூட வேண்டும். ஒரு வீட்டின் நோய் மறுவீட்டுக்குப் பையோடு செல்லாதிருக்கவே இத்தனை ஒழுங்கும்.

தமிழகத்தில் 1871ஆம் ஆண்டளவில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி நிறுவினார். 1946இல் அங்கே செவிலியர் கல்லூரியும் பட்டப்படிப்பும் தோன்றின. இன்று நம் சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியர் பையுடன் வீடு வீடாகச் செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்பையில் இரத்த அழுத்தமானி உண்டு. கர்ப்பிணிப் பெண் ஒருவர் நலமாக இருப்பதாகவே எண்ணி வேலை செய்துகொண்டிருப்பார். அழுத்தம் மிகுந்திருப்பதைச் செவிலியர் கண்டு, உரிய காலத்தில் மருத்துவமனைக்கு அனுப்பினால், பேறுகாலத்தில் வலிப்புக் கண்டு தாயும் சேயும் மடியும் துயரம் தவிர்க்கப்படும்.

கருவிகள் மாறிக்கொண்டே வருகின்றன. பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி, 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளை 2020ஆம் ஆண்டோடு கைவிட வழி வகுத்தது. எண்ணைத் தானே காட்டும் மின்னணு வெப்பமானி அவ்விடத்திற்கு வந்துள்ளது. 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர், தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையை மதிப்பிட ஓர் அளவுமுறை வகுத்தனர். அம்முறைப்படி செவிலியர் நினைவு நிலையைக் குறிக்கின்றார். சிறு கைவிளக்கின் ஒளியைக் கண்ணில் பாய்ச்சிக் கண்மணி சுருங்குகின்றதா என்றும் காண்கின்றார். ஸ்கூட்டாரியில் வழிகாட்டிய விளக்கு இன்று மூளையின் நிலையைக் காட்டுகின்றது.

அதே 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அயோயாகி, விரலில் பொருத்தியே குருதியின் உயிர்வளி அளவை அறியும் கருவிக்கு அடிப்படை கண்டார். 2020இல் கொரோனா பரவியபோது அக்கருவி வீடுதோறும் அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று, கறுத்த தோல் உடையவர்களிடம் அக்கருவி சில வேளைகளில் உண்மைக்கு மிகையான அளவைக் காட்டுகின்றது என்று எச்சரித்தது. கருவி 95 என்று காட்டினாலும், நோயாளி மூச்சுத் திணறுவதையும் உதடு நீலம் பாய்வதையும் செவிலியரின் கண்ணே காண வேண்டும்.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் நாளை இப்பணியை மேற்கொள்ளலாம். ஏனையோர் என்றேனும் ஒருநாள் நோயாளியாகவோ, நோயாளியின் துணையாகவோ மருத்துவமனைக் கட்டிலருகே இருக்க நேரும். அங்கே செவிலியர் வந்து மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு வாய்பேசாமல் கடிகாரத்தை நோக்கும்போது, அவருடன் பேச்சுக் கொடாதிருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவர் எண்ணிக்கொண்டிருக்கின்றார். எண்ணி முடித்து அவர் எழுதும் அவ்வெண், நள்ளிரவில் மற்றொரு செவிலியர் பார்த்து விழிப்படைவதற்கு உரியதாகலாம்.